பரண்மேல் அமெரிசியம்

நாம் பணிபுரியும் கல்லூரியின் நூலகக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு முன் செப்பனிட்டார்கள். அப்போது கழற்றிய பழைய புகையறி கருவிகளை ஓர் அட்டைப்பெட்டியிலிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார்கள். பின்னர் கழிவுப் பொருள்களுக்கான பட்டியலில் அப்பெட்டி 'பழுதான மின்பொருள்கள்' என்று இடம்பெற்றது. காயலான் கடைக்குப் போகவிருந்த நாளில், இயற்பியல் துறை நண்பர் ஒருவர் கருவி ஒன்றைத் திருப்பிப் பார்த்து, அதன் அடியிலிருந்த மூவிதழ்க் குறியைக் காட்டினார். கதிரியக்கத்தைக் குறிக்கும் குறி அது. இத்தனை காலம் நம் தலைக்குமேல் இருந்தது என்ன என்ற கேள்வி அன்றுதான் நமக்கு எழுந்தது.

1930களின் இறுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் வால்டர் யேகர், நச்சுவாயுவை உணரும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவுக்கு அளவுமானியின் முள் அசையவில்லை. சலிப்புற்று அவர் சிகரெட் பற்றவைத்தபோது முள் அசைந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அவருக்குப் பின் எர்ன்ஸ்ட் மைலி 1940களில் அதனைப் பயன்தரும் கருவியாக வளர்த்தெடுத்தார். இரு தகடுகளுக்கிடையே உள்ள காற்றைக் கதிரியக்கப் பொருள் அயனியாக்குகிறது. அதனால் மெல்லிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. புகைத்துகள் உள்ளே புகுந்தால் அயனிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. மின்னோட்டம் குறைந்ததும் மணி ஒலிக்கிறது.

தொடக்கக் கருவிகளில் ரேடியம்-226 இருந்தது. பின்னர் அவ்விடத்திற்கு அமெரிசியம்-241 வந்தது. போர்க்கால அணு ஆய்வின்போது, 1944இல், கிளென் சீபோர்க்கும் அவர்தம் குழுவினரும் சிகாகோவில் அடையாளங்கண்ட தனிமம் அது. 1945 நவம்பர் 11 அன்று சிறுவர்க்கான வானொலி நிகழ்ச்சி ஒன்றில், புதிய தனிமங்கள் ஏதேனும் கண்டறியப்பட்டுள்ளனவா என்று ஒரு சிறுவன் கேட்க, முறையான அறிவிப்புக்குச் சில நாள்கள் முன்னரே சீபோர்க் அதனை வெளியிட்டுவிட்டார். போரின் இரகசியமாக இருந்த ஒன்று, சில பத்தாண்டுகளில் வீட்டுக் கூரைகளில் இடம்பிடித்தது.

வீட்டுக் கருவி ஒன்றில் உள்ள அமெரிசியம் ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம்தான். அது உமிழும் ஆல்ஃபாத் துகள்கள் காற்றில் சில சென்டிமீட்டரே செல்லும். ஒரு தாள்கூட அவற்றைத் தடுத்துவிடும். கூரையில் பழுதின்றி இருக்கும்வரை அச்சத்திற்கு இடமில்லை. உடைத்தாலோ எரித்தாலோ அதன் துகள் மூச்சிலும் உணவிலும் உடலுக்குள் புகக்கூடும். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. மேலும், அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இருந்த பழைய கருவிகள் சிலவற்றில் இதைவிடப் பன்மடங்கு கதிரியக்கம் உண்டு.

அமெரிசியம்-241இன் அரைவாழ்வு ஏறத்தாழ 432 ஆண்டுகள். 1578இல் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறிய நாளில் ஒரு கிராம் அமெரிசியத்தைப் பேழையிலிட்டுப் பூட்டியிருந்தால், இன்றும் அதில் கிட்டத்தட்டப் பாதி எஞ்சியிருக்கும். ஓர் அலுவலகத்தின் நினைவோ, பொறுப்பாளர் ஓய்வுபெறும் நாள்வரைதான்.

இந்த மறதி என்ன செய்யும் என்பதை 2010இல் தில்லியின் மாயாபுரி காட்டியது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கோபால்ட்-60 கொண்ட ஆய்வுக்கருவி ஒன்று 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்தது. அதனைப் பழைய பொருளாக ஏலத்தில் விற்றார்கள். கழிவு வணிகர்களின் கடைகளில் அது பிரித்தெடுக்கப்பட்டது. தொழிலாளர்கள் பலர் கதிர்வீச்சால் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். புகையறி கருவியின் சிற்றளவை அதனோடு ஒப்பிடலாகாது. ஆனால் பட்டியலில் ஒரு சொல் விடுபட்டது என்ற அளவில் இரண்டும் ஒரே பிழைதான். விலை கொடுத்தவர்களோ அப்பட்டியலைக் காணாதவர்கள்.

நண்பரின் அறிவுரைப்படி, கருவிகளைத் திறக்காமலும் உடைக்காமலும் உறுதியான பெட்டிக்கு மாற்றினோம். எளிதில் தீப்பற்றும் பொருள்களோ ஆள்நடமாட்டமோ இல்லாத அறையில் வைத்துப் பூட்டி, மேலே எச்சரிக்கைக் குறி ஒட்டினோம். சாவிக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினோம். குப்பையிலோ காயலான் கடையிலோ சேர்க்காமல், விற்ற நிறுவனத்திடமோ அங்கீகாரம் பெற்ற கதிரியக்கக் கழிவு மையத்திடமோ ஒப்படைப்பதே முறை என்றறிந்து, விற்ற நிறுவனத்திற்கு எழுதினோம்.

எண்ணிப் பார்த்தபோது பெட்டியில் 34 கருவிகள் இருந்தன. பழைய கொள்முதல் ஏட்டைத் தேடியெடுத்துப் பார்த்தோம். அதில் 36 என்றிருந்தது. பணியாட்களைக் கேட்டோம், பரணையும் துழாவினோம். அவ்விரண்டும் எங்கே போயின என்பது தெரியவில்லை. புதிய பதிவேட்டின் முதல் வரியாக அதையே எழுதிவைத்தோம்.