பிரசவ அறையில் ஒரு கையெழுத்து, ஆலோசனை அறையில் ஒரு வழிகாட்டி

நமீபியாவின் அரசு மருத்துவமனைகளில் 2005க்கும் 2007க்கும் இடையில், எச்.ஐ.வி. தொற்றுள்ள மூன்று பெண்களுக்குப் பிரசவத்தோடு சேர்த்துக் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்துவிட்டார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது பிரசவ வலியின்போது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நிலையில் வாங்கிய கையெழுத்து விவரம் அறிந்து தந்த சம்மதமாகாது, இந்த முடிவைப் பெண்ணுக்காக மருத்துவர் எடுப்பதற்கு இடமே இல்லை என்று 2014 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தொற்று காரணமாகப் பாகுபாடு காட்டினார்கள் என்பது மட்டும் நிரூபணமாகவில்லை. என் மனம் அந்த முடிவை ஏற்க மறுக்கிறது.

தென்பகுதி ஆப்பிரிக்க எச்.ஐ.வி. மருத்துவர்கள் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியோ வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. குழந்தை பெறலாமா என்ற விசாரணை அதில் இல்லை. ஆபத்தைக் குறைத்துப் பெறுவது எப்படி என்பதுதான் பேச்சு. மருந்தால் வைரஸ் அளவு குறையும்வரை பொறுத்திருங்கள், கரு தரிக்கும் நாள்களைக் கணக்கிடுங்கள் என்கிறது. மனைவிக்குத் தொற்று இருந்து கணவருக்கு இல்லையென்றால், வீட்டிலேயே சிரிஞ்சால் விந்தைச் செலுத்தும் முறையையும் சொல்லித் தருகிறது. தந்தையாக விரும்பும் ஆணையும் அது மறக்கவில்லை.

மருத்துவர்களின் பழைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று போகும். அதனால்தான் 1985இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொன்னது. ஆனால் 1994இலேயே ஏ.இசட்.டி. மருந்து குழந்தைக்குத் தொற்று போகும் விகிதத்தை 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைத்துக் காட்டியது. கருவுறும் முன்பே கூட்டு மருந்து தொடங்கி, பிரசவத்தின்போது வைரஸ் அடங்கியிருந்த தாய்மாருக்குப் பிறந்த 2,651 குழந்தைகளில் ஒன்றுக்கும் தொற்றில்லை என்று பிரான்ஸ் ஆய்வு 2015இல் சொன்னது. நமீபியப் பெண்களின் மேல் கத்தி வைத்தபோதே தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதைத் தடுக்கும் மருந்து கையில் இருந்தது. அறிவு வளர்ந்த வேகத்தில் மனப்போக்கு மாறவில்லை.

இந்தக் கொடுமை நமீபியாவோடு நின்றது என்றும் எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவிலும், சம்மதமின்றிக் கருத்தடை செய்யப்பட்டதாக 48 பெண்கள் தந்த புகார்களைப் பாலினச் சமத்துவ ஆணையம் விசாரித்து 2020இல் அறிக்கை தந்தது.

மருத்துவர்களே, செவிலியர்களே, குழந்தை வேண்டுமா என்று சிகிச்சையின் முதல் மாதங்களிலேயே கேளுங்கள். கருத்தடைப் படிவத்தைப் பிரசவ அறைக்குள் கொண்டுவராதீர்கள்.