ஒரு காற்புள்ளி மறைந்த வரலாறு: லீ-என்ஃபீல்டு துப்பாக்கிப் பெயர்கள்

மலாயாவின் அவசரகால (1948–1960) வரலாற்றைப் பயில்வோர் லீ-என்ஃபீல்டு என்னும் துப்பாக்கியின் பெயரைப் பலகாலும் காண்பர். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையினது அது. அதன் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது. அவ்வேறுபாடு தற்செயலானதன்று.

'லீ' என்பது போல்ட்டு அமைப்பை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயைக் குறிக்கும். பிரிட்டிஷ் படை 1888இல் ஏற்ற துப்பாக்கியில், குழலின் உட்புறச் சுரிவரிகள் வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்தவை. ஆதலின் அது பின்னர் லீ-மெட்ஃபோர்டு எனப்பட்டது. கார்டைட் என்னும் புதிய வெடிமருந்தின் வெப்பத்தால் ஆழமற்ற அவ்வரிகள் விரைந்து தேய்ந்தன. என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் தொழிற்சாலை ஆழமான வரிகளை அமைத்தது. 1895இல் பெயரின் பின்பாதியும் மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழலின் நீளம் ஏறத்தாழ 30 அங்குலத்திலிருந்து 25 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அப்போது தோன்றிய பெயரே 'ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு'. நாமும் ஒருகால் இதனைக் 'குறுகிய தோட்டாப்பெட்டி உடையது' என மொழிபெயர்த்து அச்சேற்றினோம். அது பிழை. படைத்துறைப் பட்டியல் மரபில் 'ரைபிள்' என்னும் தலைச்சொல் முன்னே நிற்கும். 'ஷார்ட்', 'மேகசின்' என்னும் அடைகள் காற்புள்ளியால் பிரிந்து, தனித்தனியே அதனைத் தழுவும். குறுமை துப்பாக்கிக்கு உரியது. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டிக்கு அன்று. வழக்கில் காற்புள்ளி மறைந்தது, பொருளும் மயங்கிற்று. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்னும் நன்னூல் நெறியை நாம் அன்று மறந்துவிட்டோம்.

'மார்க்' என்பது திருத்த வரிசையைக் காட்டும். 1907இல் வந்தது மார்க் 3. முதல் உலகப் போரின் நடுவே உற்பத்தியை விரைவுபடுத்தச் சில உறுப்புகள் நீக்கப்பட்டன. அதற்கு அடையாளமாக ஓர் உடுக்குறி மட்டும் சேர்ந்தது. 1926இல் பெயரிடும் முறையே மாறி, அதே துப்பாக்கி 'நம்பர் 1' ஆயிற்று. எனவே 'நம்பர் 1' என எழுதும் படைத்துறை ஆவணம் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. எண்களை வழிமுறையாகக் கொள்வதும் தவறு: நம்பர் 3 அமெரிக்காவில் உற்பத்தியான வேறோர் அமைப்பினது; நம்பர் 1இன் வழித்தோன்றல் அன்று.

நம்பர் 4இன் நீளத்தையும் எடையையும் குறைத்து 1944 முதல் உற்பத்தி செய்யப்பட்டதே நம்பர் 5. மலாயாக் காடுகளில் வீரர் ஏந்தியது அது. 'ஜங்கிள் கார்பைன்' என்று உலகம் அதனை அறியும். அலுவல் பெயரிலோ காடு என்னும் சொல்லே இல்லை. ஆவணத்தில் ஒரு பெயரும் நினைவுக்குறிப்பில் மற்றொரு பெயரும் வருவதால், அவற்றை இருவேறு துப்பாக்கிகள் எனக் கொள்ளல் ஆகாது.

பெயரைப் பிரித்தறியாது பெயர்த்தால் மண்ணின் வரலாறும் பிறழும். நம் பழைய பிழையை இங்கே திருத்திக்கொள்கிறோம்: அது தோட்டாப்பெட்டியுடைய குறுந்துப்பாக்கி.