சுரையாவைச் சுற்றிய தூசு

சுரையா என்ற பெயரில் நம் பக்கத்தில் எத்தனையோ பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டச் சொன்னால்தான் வகுப்பில் எல்லோரும் முழிக்கிறார்கள். தமிழில் கார்த்திகை, அரபியில் துரையா. அதுதான் சுரையா ஆனது. மாரி ஓய்ந்து மாசியில், இஷா தொழுதுவிட்டு வந்து படுவான்கரைப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரம் தெரியும். அவற்றைச் சுற்றியுள்ள நீலநிறத் தூசு மேகம் தெரியாது. அப்படியொன்று இருக்கிறது என்று உலகம் ஏற்கவே கால் நூற்றாண்டு போனது.

1859 ஒக்டோபரில் வெனிஸ் நகரில் அதை முதலில் கண்டவர் வில்ஹெல்ம் டெம்பல். தொழிலால் கல்லச்சு ஓவியர். சொந்தக் காசில் வாங்கிய 4 அங்குலத் தொலைநோக்கியை ஒரு மாளிகையின் சுழல் படிக்கட்டில் வைத்துப் பார்த்தார். மெரோப்பி என்ற நட்சத்திரத்தருகே, கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல ஒரு மங்கல். அவரைவிடப் பெரிய கருவி வைத்திருந்த சிலருக்கு அது தெரியவில்லை. சந்தேகம் டெம்பல் மீதுதான் விழுந்தது. உண்மையில் பெரிய கருவி காட்டும் வானப் பரப்பு குறுகியது. பரந்து கிடக்கும் மங்கல் அதில் பிடிபடுவது கடினம்.

1885 நவம்பரில் பாரிஸில் போல், புரொஸ்பர் ஹென்றி சகோதரர்கள் எடுத்த புகைப்படத்தில் மாயா நட்சத்திரத்தருகே இன்னொரு மங்கல் விழுந்தது. அடுத்த ஆண்டு லிவர்பூல் அருகே ஐசாக் ரொபர்ட்ஸ் எடுத்த படத்தில் கூட்டம் முழுவதும் மேகம்! படத்தைப் பற்றித் தெரிந்த பிறகு, ரஷ்யாவில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்தவர்களின் கண்ணுக்கும் மாயாவின் மேகம் தெரியத் தொடங்கியதுதான் வேடிக்கை.

அது எரியும் வாயுவா? 1912 டிசம்பரில் அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைபர், பல இரவுகளாக 21 மணித்தியாலம் ஒரே தட்டில் அந்த ஒளியைச் சேர்த்தார். கிடைத்த நிறமாலை அருகிலுள்ள நட்சத்திரத்தின் நிறமாலையேதான். மேகத்துக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. நட்சத்திர ஒளியைத் தெறிக்கவிடும் தூசு அது. நுண்ணிய தூசு நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் நீலமாகத் தெரிகிறது.

இன்று ஒரு சாதாரண கமராவும், வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் தாங்கியும் போதும். இரண்டு நிமிடப் படங்களாகப் பல எடுத்துக் கணினியில் அடுக்கலாம். சிக்கல் வெளிச்சம்தான். எரியும் வாயு மேகமென்றால் வடிகட்டி போட்டுத் தெருவிளக்கைத் தவிர்க்கலாம். இதுவோ எல்லா நிறமும் கலந்த ஒளி. வடிகட்டினால் மேகமும் சேர்ந்து போய்விடும். புதிய வெள்ளை எல்ஈடி விளக்குகளில் நீலமும் அதிகம். ஆகவே கமரா உள்ளவர்கள் அமாவாசையை ஒட்டி, மண்முனைப் பாலம் தாண்டி வயல் பக்கம் போய் முயன்று பாருங்கள்.