சீடன் கையில் மிட்டாய்!

ஏமாற்றுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட பெயர்கள். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனி இலாகா! வைத்தியம் தெரியாமல் மருந்து கொடுப்பவன் 'க்வாக்'. வாய்ஜாலத்தால் சரக்கைத் தள்ளிவிடுபவன் 'சார்லட்டன்'. இத்தாலிய மொழியில் சளசளவென்று பேசுவதைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு உறவு உண்டு. 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ஸன் என்றொரு டிப்டாப் ஆசாமி, தெருவில் போகிறவர்களிடம் பழகினவன் போலப் பேச்சுக் கொடுப்பான். 'என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளை வரை கொடுங்களேன்' என்பான். கொடுத்தார்கள்! பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பெயர் 'கான்ஃபிடன்ஸ் மேன்'. அது சுருங்கி 'கான் மேன்' ஆனது.

இந்த வரிசையில் கொஞ்சம் உயர்தரமான ஆசாமி 'இம்போஸ்டர்'. தான் எது இல்லையோ அதுவாகவே தன்னைக் காட்டிக்கொள்பவன். 'மேலே ஏற்றி வைப்பது' என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வார்த்தை இது. மக்கள் மீது வரி போடுவதைச் சொல்லும் 'இம்போஸ்' என்ற வார்த்தைக்கும் அதே வேர்தான். வரி போடுகிறவராவது ரசீது தருவார். இந்த ஆளோ, தன்னையே நம் தலையில் கட்டிவிடுவான்!

நம்மிடம் 'போலி' இருக்கிறது. தமிழ் இலக்கணத்திலேயே போலிக்கு இடம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? 'அறம்' என்பதை 'அறன்' என்று எழுதினால் அது இறுதிப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. மனிதப் போலியில் எல்லாம் தலைகீழ். எழுத்து அப்படியே இருக்கும். காவி, ஜடை, ருத்ராட்சம் எதிலும் குறை இருக்காது. பொருள்தான் மாறிப்போயிருக்கும்!

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையில் நடந்து பாருங்கள். வழிநெடுகக் காவி. இதில் அசல் யார், போலி யார் என்ற கேள்வி எழாமல் இருக்காது. இந்தக் கேள்வி புதிதல்ல. நூறு வருடங்களுக்கும் முன்பே, இதே மலையில் ஒரு குகை வாசலில் அது நாடகமாகவே நடந்திருக்கிறது.

1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தபோது வேங்கடராமனுக்குப் பதினாறு வயது. 1899-லிருந்து 1916 வரை அவருக்கு வீடு விரூபாட்ச குகைதான். ஆரம்ப வருடங்களில் பேச்சு என்பதே அபூர்வம். ஆனாலும் மலையேறி வந்து தரிசிப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

அப்போது அங்கே முளைத்தார் பாலானந்தர் என்ற சாமியார். நல்ல தோற்றம், படிப்பு, பேச்சு சாதுர்யம் எல்லாம் உண்டு. வருகிறவர்களிடம், 'இந்தச் சின்னச் சாமி என் சீடன்' என்பார். 'பரவாயில்லை, குழந்தைக்கு மிட்டாய் கொடுங்கள்' என்று பெருந்தன்மையாக அனுமதியும் தருவார்! காணிக்கை யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் போன பிறகு ரமணரிடம், 'உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே... மறுத்துச் சொல்லாமல் இரு' என்று பச்சையாகவே பேரம் பேசியிருக்கிறார். ரமணர் வாயைத் திறக்கவில்லை.

கவனித்தீர்களா? பாலானந்தர் பெரிதாக எந்த வித்தையும் காட்டவில்லை. மறுத்துப் பேசாத ஓர் அசல் பக்கத்தில் இருந்தது. நம்பத் தயாராக ஒரு கூட்டம் எதிரே இருந்தது. நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்!

ஒரு நாள் அவர் குகைத் திண்ணையை அசுத்தம் செய்துவிட்டு, பட்டுத் துணிகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே போனார். ரமணரின் அணுக்கத் தொண்டர் பழனிசாமி திண்ணையைக் கழுவி, துணிகளைத் தூக்கி வெளியே போட்டு, குகையைப் பூட்டிவிட்டார். திரும்பி வந்த பாலானந்தருக்கு வந்ததே கோபம்! ரமணர் மேலேயே காறித் துப்பினார். அதற்கும் அவர் அசையவில்லை. ஆனால், விஷயம் கேள்விப்பட்ட ஒரு பக்தர் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவர, 'இந்த மலை நமக்கு ஏற்ற இடமில்லை' என்று பாலானந்தர் ரயிலேறினார். டிக்கெட் இல்லாமல், இரண்டாம் வகுப்பில்! அங்கேயும் ஓர் இளம் தம்பதியிடம் அதிகாரம் செய்யப்போய், அந்தக் கணவரிடம் செருப்படி வாங்கினார்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார். ரமணருக்கு சமாதிநிலையை வழங்கப்போவதாகச் சொல்லி எதிரே உட்கார்ந்து முறைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே... தூங்கிப்போனார். ரமணரும் மற்றவர்களும் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார்கள்! ரமணரின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

எல்லாப் போலியும் இவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. 1931-ல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்தார். இந்தியாவில் உண்மையான யோகி உண்டா என்று தேடி வந்தவர். பலரைச் சந்தித்துச் சலித்து, கடைசியில் ரமணர் முன் அமைதியானார். 1934-ல் வந்த அவருடைய புத்தகம்தான் மேல்நாட்டில் ரமணரின் பெயரைப் பரப்பியது. பிற்பாடு அவரே குருவாக மதிக்கப்பட்டார். அவருடைய சீடர் ஒருவரின் மகன் ஜெஃப்ரி மேஸன், 1993-ல் எழுதிய புத்தகத்தில், பிரண்டனின் ஞானம், டாக்டர் பட்டம் எல்லாவற்றையும் சந்தேகக் கூண்டில் ஏற்றினார். போலிகளைத் தேடிப் போனவருக்கே இந்தக் கதி! ஆனால், அவர் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்குக் கிடைத்த அமைதி போலியா? இல்லையே.

அப்படியானால் நாம் எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது? மறுபடி விரூபாட்ச குகைக்கே போவோம். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ உத்தியோகஸ்தர் அங்கே வந்து சில கேள்விகள் கேட்டார். மௌனத்தில் இருந்த ரமணர் எழுதியே பதில் தந்தார். அதுதான் பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலானது.

இம்போஸ்டருக்கு எந்நேரமும் ஒரே வேலை. 'நான் யார் தெரியுமா?' என்று நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ரமணரோ தன்னை யாருக்கும் குரு என்று சொல்லிக்கொண்டதில்லை. தேடி வந்தவரிடம் 'நீ யார் என்று பார்' என்று திருப்பிவிட்டார். நம் தலையில் எதையும் கட்டவில்லை.

காவியைப் பார்த்ததும் கும்பிடப் போகிறீர்களா? தாராளமாகக் கும்பிடுங்கள். அதற்கு முன் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிஷம் கவனியுங்கள். அவர் யார் என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!