எட்டு மாதம் என்னும் கணக்கு: இளம்பெண்களின் எச்பிவி தொற்றுக்காலம் பற்றி ஒரு மறுவாசிப்பு

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தொற்று இளம்பெண்களிடம் மிகப் பரவலானது, ஆனால் வந்த சுவடு தெரியாமல் போய்விடுவது என்பது பாடநூல் முடிபாகிவிட்டது. முற்பாதியில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பிற்பாதிக்குச் சான்றாக அடிக்கடி எடுத்தாளப்படும் எண் எட்டு மாதம். 1998இல் குளோரியா ஹோவும் குழுவினரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு அதன் மூலம். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவியர் 608 பேரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து மூன்றாண்டு வரை சோதித்தார்கள். தொடக்கத்திலேயே 26 விழுக்காட்டினரிடம் தொற்று இருந்தது. 36 மாதத்தில் புதிதாகத் தொற்றியோர் 43 விழுக்காடு. புதிய தொற்றின் இடைநிலைக் காலம், அதாவது பாதித் தொற்றுகள் மறையும் காலம், 8 மாதம்.

இம்மூன்று எண்களையும் தனித்தனியே மேற்கோள் காட்டும் வழக்கம் நிலைத்துவிட்டது. சேர்த்து வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. மூன்றாண்டில் 43 விழுக்காடு என்றால், தொற்றில்லாத நூறு பேரில் ஆண்டுக்குச் சுமார் 19 பேருக்குத் தொற்று வருகிறது. தொற்று சீரான வேகத்தில் மறைவதாகக் கொண்டால், இடைநிலை 8 மாதம் என்பது சராசரியில் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். நிலைமை மாறாதிருந்தால், புதுத்தொற்றின் வேகத்தைச் சராசரிக் காலத்தால் பெருக்கும்போது தொற்றுடையோருக்கும் இல்லாதோருக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும். அப்படிப் பெருக்கினால் எந்த ஒரு நாளிலும் 15 விழுக்காட்டினரிடமே தொற்று இருந்திருக்க வேண்டும். கண்டதோ 26. அந்த அளவை எட்டச் சராசரிக் காலம் 22 மாதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது? மாணவியர் சமூகம் நிலைமாறாத ஒன்றன்று. தொடக்கத்தில் தொற்றில்லாதிருந்தோர் இயல்பிலேயே இடர் குறைந்தவர்களாக இருக்கலாம். வைரஸின் ஒரு வகை மறையும் முன் இன்னொரு வகை வந்து சேரலாம். மூன்றையும் ஒப்புகிறேன். இடைவெளியின் ஒரு பகுதியை இவை விழுங்கும். முழுவதையும் விழுங்கும் என நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆறு மாத இடைவெளியில் வந்து மறைந்த குறுந்தொற்றுகள் கணக்கில் சேரவில்லை என்ற மறுப்பு எளிதில் தீர்வது: கண நேரம் தங்குபவை எத்தனை சேர்ந்தாலும் 26ஐ எட்ட உதவா.

எஞ்சும் விளக்கம் ஒன்றுதான். ஆய்வில் சேரும் நாளில் தொற்றோடு வந்தவர்கள் வேறு வகையினர். வந்து உடனே மறையும் தொற்று ஒருநாள் சோதனையில் அகப்படுவது அரிது. நெடுநாள் தங்குவதே அகப்படும். எட்டு மாதக் கணக்கு புதிய தொற்றுகளுக்கு மட்டும் உரியது. தொடக்கச் சோதனையில் அகப்பட்டவற்றின் தொடக்கம் எப்போது என்று எவருக்கும் தெரியாததால் அவற்றுக்கு அதில் இடமே இல்லை. புதிய தொற்றுகளில் 91 விழுக்காடு ஈராண்டில் மறைந்தன என்பதும் இதற்கு முரணன்று. எஞ்சிய 9 விழுக்காட்டின் வால் எவ்வளவு நீளம் என்பதை மூன்றாண்டு ஆய்வு காட்ட இயலாது.

அளவுகோலிலும் சிக்கல் உண்டு: சோதனைகளுக்கு இடைப்பட்ட ஆறு மாதம், அளக்கப்படும் காலத்தின் நீளத்தையே ஒத்தது. ஜனவரியில் இல்லை, ஜூலையில் உண்டு, மறு ஜனவரியில் இல்லை என்று பதிவான பெண்ணின் தொற்று ஒரு வாரமும் இருந்திருக்கலாம், பதினொரு மாதமும் இருந்திருக்கலாம். தவிர, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் தென்படாமை உடலிலிருந்து நீங்கியதற்குச் சான்றாகாது; அடங்கிக் கிடக்கும் வைரஸும் தென்படாது.

2001இல் லான்செட்டில் வந்த பர்மிங்காம் ஆய்வு இங்கே பயன்படுகிறது. 15 முதல் 19 வயதுவரையுள்ள 1,075 பெண்களில் மூன்றாண்டுத் தொற்று வாய்ப்பு 44 விழுக்காடு. ரட்கர்ஸ் எண்ணோடு கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் எந்த வகையாயினும் முதல் தொற்றின் இடைநிலைக் காலம் 13.7 மாதம். எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஒத்துப்போகும் இரு ஆய்வுகள் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதில் இவ்வளவு விலகுவது, காலம் எனப்படுவது வைரஸைவிட எண்ணும் முறையைச் சார்ந்திருப்பதையே காட்டுகிறது.

இளவயதினரை எச்பிவிக்காகச் சோதிக்க வேண்டாம் என்ற கொள்கையை இது அசைக்கவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதே அதற்குப் போதிய ஆதாரம். ஆனால் தொற்று தெரியவந்த பெண்ணிடம் எட்டு மாதத்தில் போய்விடும் என்று சொல்வதற்கு ரட்கர்ஸ் ஆய்வில் இடமில்லை. சோதனையில் அகப்பட்டது அவளுக்கு எப்போது வந்தது என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.