கோபுரமும் பெயரும்

1770 ஏப்ரலில் சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பர்க் வந்து சேர்ந்தபோது கதேக்கு வயது இருபது. பிராங்பர்ட்டில் பிறந்த அவனுக்கு அது அயல்நாடு. 1681இல் பதினான்காம் லூயி பிடித்துக்கொண்டதிலிருந்து நகரம் பிரெஞ்சு மன்னருடையது. ஆனால் தெருவில் கேட்டது ஜெர்மன் பேச்சு. பல்கலைக்கழகமும் ஜெர்மன் மரபில் வந்தது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையை மனதில் வைத்துக்கொண்டால்தான் அவன் அங்கே செய்த தவறு விளங்கும்.

வகுப்பில் அவன் கற்றது சொற்பம். டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வுரை ஏற்கப்படவில்லை. 1771 ஆகஸ்டில் அதற்கு ஒரு படி குறைந்த பட்டத்துடன் ஊர் திரும்பினான். கற்றதெல்லாம் வெளியில்: கண் சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்த ஹெர்டரின் அறையிலும், ஊர் நடுவே நின்ற மாதா கோயிலிலும். 1439இல் முடிந்த அதன் ஒற்றைக் கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். அன்று உலகில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை.

உயரம் அவனுக்குத் தலைசுற்றலைத் தரும். அதைப் போக்கிக்கொள்ள உச்சிக்கருகே ஏறிக் கால்மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு, பிடிமானம் எதுவுமில்லாத, ஒரு முழ அகலமே உள்ள மேடையில் வெட்டவெளியில் வந்து நிற்பானாம். பயம் விடும்வரை திரும்பத் திரும்ப இதைச் செய்ததாக, 1812இல் வெளிவந்த சுயசரிதைப் பகுதியில் எழுதியிருக்கிறார். மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவை எட்டிப்பார்க்கிறவன் நான். ஆங்கிலத்தில் அதைப் படித்தபோதே எனக்கு உள்ளங்கால் கூசியது.

அதே நூலில் இன்னொரு சம்பவம். கோபுரம் முழுமை பெறவில்லை, உச்சியைச் சுற்றி நான்கு சிறு சிகரங்கள் வந்திருக்க வேண்டும் என்று நண்பர்களிடையே சொல்கிறான். இதை யார் சொன்னார்கள் என்று ஒருவர் கேட்கிறார். கோபுரமேதான் என்கிறான். கேட்டவர் கோயில் கட்டடத்தின் பொறுப்பாளர். மூல வரைபடங்களில் அந்த நான்கு சிகரங்களும் இருந்தன. விமர்சனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பல மாதங்கள், பல வெளிச்சங்களில், ஒன்றையே பார்த்தவனுக்குக் கிடைத்த அறிவு அது.

கோதிக் என்பது அன்று வசைச்சொல். ஒழுங்கற்றது, அளவுக்கு மீறி ஜோடித்தது என்று பொருள். கோயிலின் முன் முதலில் நின்றபோது அவனும் ஏதோ விகாரத்தைத்தான் எதிர்பார்த்தான். கண்டது வேறு. அதை 1772இல் கட்டுரையாக்கினான். எழுதியவர் பெயரில்லாமல் வெளிவந்த அதன் தலைப்பு ‘ஜெர்மானியக் கட்டடக்கலை பற்றி’. முகப்பை எழுப்பிய எர்வினுக்கு அது அஞ்சலி. இது எங்களுடைய கலை, பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் பெருமை கொள்ள ஏதுமில்லை என்பது அதன் வாதம்.

இங்கேதான் சறுக்கல். அந்தக் கலை 1140களில் பாரிசை அடுத்த சேன்-தெனி மடாலயக் கோயிலில் உருவானது. பிரான்சிலிருந்து கிழக்கே வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் கோயிலின் தெற்குப் பக்கத்திலேயே ஷார்த்ர் பாணி அறிந்த கைகள் வேலை செய்திருக்கின்றன. எர்வினும் 1318இல் இறந்துபோனவர். உச்சியை முடித்தவர் யோஹன்னஸ் ஹுல்ட்ஸ்.

வங்கியில் ஒருவர் பணத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டாலும் மாலையில் மொத்தம் ஒத்துப்போகும். யாராவது கேட்டு வரும்வரை தவறு தெரியாது. கதேயின் தவறும் இந்த ஜாதி. தொகை சரி, அழகைப் பற்றி அவன் சொன்னது அத்தனையும் நிற்கிறது. கணக்குதான் வேறு.

பிறகு பலர் கேட்டு வந்தார்கள். 1870 ஆகஸ்டில் ஜெர்மன் பீரங்கிகள் நகரைத் தாக்கின. நூலகம் எரிந்தது, அந்தக் கோயிலின் கூரையும் எரிந்தது. நகரம் ஜெர்மனிக்குப் போயிற்று. 1904இல் பல்கலைக்கழகத்தின் முன் மாணவக் கதேக்குச் சிலை எழுந்தது. 1918இல் பிரான்சு மீட்டது. 1940 ஜூனில் ஹிட்லர் அந்தக் கோயிலுக்குள் நடந்தான், வழிபாடு நிறுத்தப்பட்டது. 1944 நவம்பர் 23 அன்று பிரெஞ்சு வீரர்கள் கோபுர உச்சியில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். பீரங்கிகள் கட்டுரை படித்துவிட்டுச் சுடுவதில்லை. இதற்கெல்லாம் இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரு கட்டுரையைப் பொறுப்பாக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரையின் கண்ணை யாரும் வரித்துக்கொள்ளவில்லை, அதன் உரிமைச் சொல்லை எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் முடிந்தது என்பது என்னை உறுத்துகிறது. பார்ப்பதற்குக் கோபுரம் ஏற வேண்டும். சொந்தம் கொண்டாடக் கீழே நின்றால் போதும்.

இதை எழுதுமுன் என் பழைய மதிப்புரைகளை எடுத்துப் புரட்டினேன். ‘நம் மண்ணின்’, ‘நம் மரபின்’ என்று நான் எழுதியிருக்கும் வாக்கியங்களுக்குப் பக்கத்தில், கவிதையிலிருந்து ஒரு வரிகூட இல்லை.