பிக் டேட்டா: வணிகர்களுக்கு ஓர் அறிமுகம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம்தான் (அல்பகரா 2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எனவே, கணக்கு எழுதுவதன் அவசியத்தை முஸ்லிம் வணிகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்று கணக்கை நாம் மட்டும் எழுதுவதில்லை. பில் போடும் கம்ப்யூட்டர், பணம் செலுத்தும் செயலி, கண்காணிப்பு கேமரா, கையில் உள்ள செல்போன் என எல்லாமே ஒவ்வொரு நொடியும் எதையாவது பதிந்து கொண்டே இருக்கின்றன. இப்படிக் குவியும் தகவல் மலைக்குத்தான் 'பிக் டேட்டா' என்று பெயர். தமிழில் 'பெருந்தரவு' என்கிறார்கள்.

எவ்வளவு பெரியது?

ஆயிரம் ஜிகாபைட் சேர்ந்தால் ஒரு டெராபைட். ஆயிரம் டெராபைட் சேர்ந்தால் ஒரு பெட்டாபைட். 128 ஜிபி கொள்ளளவு உள்ள செல்போன்கள் ஏறத்தாழ 8 ஆயிரத்தை நிரப்பினால்தான் ஒரு பெட்டாபைட் ஆகும். இன்றைய பெரும் இணைய நிறுவனங்கள் பெட்டாபைட் கணக்கில்தான் பேசுகின்றன.

ஆனால் அளவு மட்டுமே பிக் டேட்டா ஆகிவிடாது. டக் லேனி என்ற ஆய்வாளர் 2001ஆம் ஆண்டிலேயே மூன்று தன்மைகளைக் குறிப்பிட்டார்.

1. அளவு: சாதாரண கம்ப்யூட்டரில் அடங்காத அளவுக்குக் குவிவது.
2. வேகம்: நிற்காமல், நொடிக்கு நொடி வந்து கொண்டே இருப்பது.
3. வகை: பில் விவரம் போலக் கட்டம் போட்டு எழுதக் கூடியவை மட்டுமின்றி படம், குரல், வீடியோ, வாட்ஸ்அப் செய்தி என்று பல வடிவங்களில் இருப்பது.

இவ்வளவையும் ஒரே கம்ப்யூட்டரால் அலச முடியாது. வேலையைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துப் பல நூறு சாதாரண கம்ப்யூட்டர்களிடம் கொடுத்து, விடைகளைப் பிறகு ஒன்றாகச் சேர்க்கும் முறையை கூகுள் 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அதன் அடிப்படையில் உருவான இலவச மென்பொருள்தான் 'ஹடூப்'. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங், தம் மகனின் மஞ்சள் நிற யானை பொம்மையின் பெயரையே அதற்குச் சூட்டினார். பெரும் பணம் போட்டு ராட்சதக் கணினி வாங்க இயலாத நிறுவனங்களுக்கும் அதன்பின் வழி திறந்தது.

வணிகத்திற்கு என்ன லாபம்?

தகவல் குவிந்து கிடப்பதால் மட்டும் காசு வராது. அதனிடம் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும். 2004இல் 'பிரான்சிஸ்' என்ற புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை நெருங்கிக் கொண்டிருந்தது. வால்மார்ட் நிறுவனத்தினர், சில வாரங்களுக்கு முன் வீசிய 'சார்லி' புயலின்போது தங்கள் கடைகளில் எவை விற்றன என்று பழைய விற்பனைப் பதிவுகளை அலசினார்கள். டார்ச் லைட் விற்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். எதிர்பாராத விடை, ஸ்ட்ராபெரி சுவையுள்ள 'பாப் டார்ட்ஸ்' என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது! சமைக்கத் தேவையில்லை, மின்சாரம் போனாலும் கெடாது என்பதைக் காரணமாகச் சொல்லலாம். உடனே அந்தச் சரக்கு லாரிகளில் புயல் பகுதிக் கடைகளுக்கு விரைந்தது.

விற்பனையைப் போலவே செலவைக் குறைப்பதிலும் பயன் உண்டு. அமெரிக்காவின் யுபிஎஸ் கூரியர் நிறுவனம், தன் வண்டிகள் எந்த வழியில் சென்றால் தூரம் குறையும் என்பதைக் கணக்கிட 'ஓரியன்' என்ற அமைப்பை உருவாக்கியது. இதனால் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி மைல் பயணமும் 1 கோடி கேலன் எரிபொருளும் மிச்சமாவதாக அந்நிறுவனம் தெரிவித்துள்ளது.

தகவலும் தவறலாம்

இணையத்தில் மக்கள் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்கும் சேவையை கூகுள் 2008இல் தொடங்கியது. 2012-13 பருவத்தில் அதன் கணிப்பு உண்மை நிலவரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2015இல் கணிப்பு வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. காய்ச்சலைப் பற்றித் தேடுபவர்கள் எல்லாரும் காய்ச்சலில் படுத்தவர்கள் அல்லரே! தகவல் எவ்வளவு பெரிதானாலும் மனித அறிவின் மேற்பார்வை அவசியம்.

தகவலும் அமானிதமே

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று நமக்கு இருக்கிறது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தரவிறக்கியுள்ளனர். அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிட விவரங்கள் 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனம் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களுக்குத் தரவு விற்றதையும் 2020 நவம்பரில் ஓர் ஊடகம் வெளிக்கொணர்ந்தது. ராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று மறுத்த முஸ்லிம் ப்ரோ, எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக் கொள்வதாக அறிவித்தது. வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வரும் விவரங்களை எக்ஸ்-மோட் விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2024 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது.

தொழுகை நேரம் பார்ப்பதற்காக ஒருவர் தந்த விவரம் எங்கெல்லாம் போய்விட்டது, பாருங்கள்! பிறர் விஷயங்களைத் துருவி ஆராய்வதைத் தடுக்கும் மார்க்கம் நம்முடையது (அல்ஹுஜுராத் 49:12). வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த செல்போன் எண்ணும் முகவரியும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவு பெறுவதற்கு ஒப்புதலை முக்கிய அடிப்படையாக்குகிறது.

சிறு வணிகர் என்ன செய்யலாம்?

ஹடூப் வேண்டாம், பெட்டாபைட்டும் வேண்டாம். பில் மென்பொருளில் ஏற்கெனவே உள்ள ஓராண்டு விற்பனையை எடுத்துப் பாருங்கள். ரமலானுக்கு முந்தைய இரு வாரங்களில் எது தீர்ந்து போனது? எந்தச் சரக்கு ஆறு மாதமாகத் தூசி படிந்து கிடக்கிறது? எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்தே வாங்குகிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே கொள்முதலில் முடங்கும் பணம் குறையும். கூடவே, தேவையில்லாத விவரங்களை வாடிக்கையாளரிடம் கேட்காமலும், கேட்டு வாங்கியதைப் பிறரிடம் கொடுக்காமலும் இருந்தால், லாபத்தோடு நம்பிக்கையும் நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.